ஏவுகணைக்கு எத்தனை அளவை?

சீடன்: ஐயா, சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் எனக்கு ஒரு தடை. அறியும் வழிகளான அளவைகளைப் பத்து வரை விரித்தாலும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லாம் அடங்கும் என்கிறார் அருணந்தி சிவாசாரியார். முதல் இரண்டையும் ஏற்கிறேன். பிறர் சொல் எப்படி அளவையாகும்? கண் இருக்கும்போது காதை நம்புவானேன்?

குரு: நூல் பேசும் உரை இறைவன் வாக்கு, அதன் நிலை வேறு, அதைப் பிறகு பார்ப்போம். உலகியலில் வழங்கும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நீ போர் விமானங்களைப் பற்றி விடாமல் படிப்பவன். போர் விமானம் ஏவும் ஆம்ராம் ஏவுகணை தன் இலக்கை எப்போது காண்கிறது?

சீடன்: ஏஐஎம்-120 தானே? 1991-ல் அமெரிக்க விமானப்படையில் பணிக்கு வந்தது. மூக்கில் சொந்த ரேடார் உண்டு. ஆனால் ஏவுகணையின் குறுக்களவே 18 செ.மீ.தான். அதற்குள் அடங்கும் ஆண்டெனாவின் பார்வை வெகுதூரம் எட்டாது. அதனால் பயணத்தின் கடைசிப் பகுதியில்தான் காண்கிறது.

குரு: அதுவரை?

சீடன்: குருடுதான். உள்ளே ஜைரோக்களும் முடுக்கமானிகளும் இருக்கின்றன. தான் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதை அவை கணித்துச் சொல்லும். இலக்கு எங்கே என்று அவற்றுக்குத் தெரியாது. ஏவிய விமானத்தின் ரேடார் பெரியது. அது இலக்கைத் தொடர்ந்து பார்க்கும். இலக்கின் இடம், வேகம், திசை மூன்றையும் ரேடியோ வழியே அவ்வப்போது ஏவுகணைக்குச் சொல்லும். டேட்டாலிங்க் என்பது இதுதான்.

குரு: உரை.

சீடன்: நானே வலையில் வந்து விழுந்தேனா?

குரு: இன்னும் இல்லை. ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவில் அது என்ன செய்கிறது?

சீடன்: இலக்கு கடைசியாகக் கேட்ட இடத்திலிருந்து, கேட்ட வேகத்தில், கேட்ட திசையில் போய்க்கொண்டிருக்கும் என்று கொள்கிறது. இப்போது இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, இருவரும் சந்திக்கப்போகும் இடத்தைக் குறிவைக்கிறது. எதிரி நொடிக்கு 300 மீட்டர் பறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 நொடி செய்தி வராவிட்டால் 3 கி.மீ. போயிருப்பான். நேராகவே பறந்திருந்தால் பழுதில்லை. நடுவில் திரும்பியிருந்தால், ஏவுகணை கண் திறக்கும்போது எதிரே வெறும் வானம்தான் இருக்கும்.

குரு: அதுதான் கருதல். கேட்ட சொல்லை முதலாக வைத்துக் கருதுகிறது. சொல் பழசாக ஆகக் கருத்தும் கெடுகிறது. செய்தி வழியில் தாமதப்படுமா?

சீடன்: ரேடியோ அலை 60 கி.மீ.யைக் கடக்க ஒரு நொடியில் 5,000-ல் ஒரு பங்கு போதும். சொல்பவன் அடுத்த முறை வாய் திறக்கும் வரைதான் காத்திருப்பு.

குரு: சொன்னது மெய்யாகவே இருந்தும் கேட்டவன் வழிதவற முடியுமா?

சீடன்: முடியாதே... இல்லை, முடியும்! ஏவுவதற்கு முன் விமானம் தன் இடத்தையும் வேகத்தையும் சாய்வையும் ஏவுகணைக்கு ஊட்டிவிட வேண்டும். இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து அளக்கத் தொடங்க வேண்டும். அந்தத் தொடக்கத்தில் வழு நேர்ந்தால், 'இலக்கு அங்கே' என்ற சரியான செய்தியையும் ஏவுகணை வேறு இடமாகப் புரிந்துகொள்ளும்.

குரு: இதை நம் தருக்க நூலார் இன்னும் விரித்திருக்கலாம் என்பது என் எண்ணம். நம்பத்தக்கவனான ஆப்தன் யார், அவன் சொல் ஏன் செல்லும் என்று பேசிய அளவுக்கு, சொல்பவனும் கேட்பவனும் ஒரே தரையில் நிற்க வேண்டியதைப் பற்றிப் பேசவில்லை. போகட்டும். சொல்பவனுக்கு இதில் என்ன செலவு?

சீடன்: உயிர்ப்பயம்தான். பழைய ஸ்பாரோ ஏவுகணை, பிறர் பிடித்த விளக்கில் வழிபார்த்து நடப்பவனைப் போன்றது. விமானம் இலக்கின்மேல் ரேடார் கதிரைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். இலக்கில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பற்றிக்கொண்டு ஸ்பாரோ போகும். மோதும் வரை விமானி இலக்கைத் தன் ரேடாரின் பார்வையிலிருந்து விடமுடியாது. எதிரியோ அவரை நோக்கியும் ஏவியிருப்பான். ஆம்ராம் வந்தபின் அந்தக் கட்டு தளர்ந்தது. ஏவியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இலக்கு தன் ரேடார் பார்வையின் ஓரத்தில் நிற்கும் அளவுக்குத் திரும்பிப் பறக்கிறார். எதிரியை நெருங்கும் வேகம் குறைகிறது, செய்தியும் அறுவதில்லை. ஏவுகணையின் ரேடார் விழித்ததும் முற்றாகத் திரும்பிவிடலாம்.

குரு: 'ஏவிவிட்டு மற' என்று சொல்வார்களே?

சீடன்: அது விற்பவர் பேச்சு. சீக்கிரம் மறந்தால் ஏவுகணை பழைய செய்தியோடு பறக்கும். அடிக்கும் வாய்ப்புக் குறையும். எத்தனை நொடி கூடுதலாக ஆபத்தில் நின்று சொல்வது என்பது விமானியின் முடிவு. இப்போது இருவழி இணைப்பும் வந்திருக்கிறது. 2016-ல் ஸ்வீடனின் கிரிப்பென் விமானங்களோடு பணிக்கு வந்த மீட்டியோர் தன் நிலையை விமானத்துக்குத் திருப்பிச் சொல்லும். ஏவுவது ஒரு விமானம், செய்தி சொல்வது வேறொன்று என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் ஐயா, எத்தனை சொன்னாலும் முடித்துவைப்பது ஏவுகணையின் சொந்தக் கண்தானே? காண்டலே தலை.

குரு: அந்தக் கண் எதைக் காண்கிறது?

சீடன்: ஓர் எதிரொலியை.

குரு: யாருடையது?

சீடன்: அது அதற்குத் தெரியாது. வரும் செய்தியில் இடமும் வேகமும் உண்டு. நண்பனா பகைவனா என்பது ஏவும் முன்பே விமானி தீர்த்துவிட்ட கேள்வி.

குரு: 1994 ஏப்ரல் 14, வட ஈராக். படித்திருப்பாய்.

சீடன்: படித்தேன். அமெரிக்க எஃப்-15 விமானங்கள் இரண்டு, தம் நாட்டுத் தரைப்படையின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். ஒன்றை வீழ்த்தியது ஆம்ராம்தான்.

குரு: அந்த விமானிகள் கண்ணால் பார்க்காமலா சுட்டார்கள்?

சீடன்: அருகே பறந்து பார்த்தார்கள். ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-24 என்று கொண்டார்கள்.

குரு: ஐயக் காட்சி, திரிவுக் காட்சி என்று சித்தாந்தம் பிரிக்கிறதே. இது எது?

சீடன்: திரிவு. ஒன்றை வேறொன்றாகத் துணிவது. மேலே அவாக்ஸ் கண்காணிப்பு விமானம் இருந்தது. நம்மவர் அங்கே பறக்கிறார்கள் என்று இவர்களை அது எச்சரிக்கவில்லை. வந்திருக்க வேண்டிய சொல் வரவில்லை என்கிறீர்கள்.

குரு: சொல் வராத இடத்தைக் கண் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது. அதன்பின் ஏவுகணை மூன்று அளவைகளிலும் பிழையில்லாமல் நடந்துகொண்டது.

சீடன்: இதை நான் முழுதும் ஒப்பவில்லை. இன்னும் நெருங்கிப் பொறுமையாகப் பார்த்திருந்தால் கண்ணே காப்பாற்றியிருக்கும். குறை காட்சியில் இல்லை, அவசரத்தில்.

குரு: நியாயமான தடைதான். எவ்வளவு தொலைவிலிருந்து, எத்தனை வேகத்தில் பறந்து பார்த்தார்கள் என்று விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டு வா. பிறகு வாதாடுவோம்.

சீடன்: அறிக்கையும் உரைதானே, ஐயா?

குரு: போய்க் கண்டுவர உனக்கு வேறு வழி இருந்தால் அதையும் செய்.