எந்தத் தராசில் நிறுப்பது?

கூடைப்பந்தில் எக்காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்ற வழக்கு, அம்பத்தூர், ஆவடி மைதானங்களில் ஆட்டம் முடிந்த பிறகும் முடிவதில்லை. மைக்கேல் ஜோர்டன் என்பார் ஒருவர். லெப்ரான் ஜேம்ஸ் என்பார் இன்னொருவர். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஜோர்டன் ஆறு முறை இறுதிச் சுற்றுக்குப் போய் ஆறு முறையும் கோப்பையோடு வந்தார். கரீம் அப்துல் ஜப்பாரின் சாதனையான 38,387 புள்ளிகளை 2023 பிப்ரவரியில் லெப்ரான் தாண்டினார். இரண்டு கணக்கும் சரிதான். சரியான கணக்குகளே ஆளுக்கொருவரைக் காட்டுகின்றன என்றால், தகராறு தராசைப் பற்றியது. எதைப் பெருமை என்று மதிக்கிறோம் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அது அறம் சார்ந்த கேள்வி.

அதற்குப் பூந்தமல்லியில் ஒரு பழைய விடை உண்டு. 11ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசியவர். ஆலவட்டக் கைங்கர்யம் என்பார்கள். பின்னாளில் பிரம்ம சூத்திரத்துக்குப் பேருரை கண்ட ராமாநுஜர், வணிகர் குலத்தவரான இந்த நம்பியையே குருவாகக் கொள்ள விரும்பினார்; தம் ஐயங்களுக்குப் பெருமாளிடம் விடை கேட்டுவரவும் அவரையே வேண்டினார் என்கிறது குருபரம்பரை. கல்வியால் நிறுத்தால் ராமாநுஜர் பக்கம் தாழும். அந்த ராமாநுஜரே தொண்டால் நிறுத்தார்.

அந்தத் தராசில் வைத்தால் என் தீர்ப்பு பில் ரஸ்ஸல். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு 13 பருவங்கள் ஆடி 11 கோப்பைகள் வென்றவர். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு அவர் போட்ட புள்ளிகள் சராசரி 15தான். எதிராளி எறியும் பந்தை அறைந்து வெளியே தள்ளினால் கூட்டம் ஆரவாரிக்கும், பந்தோ மறுபடி எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் அதைத் தட்டி, ஆடுகளத்துக்குள்ளேயே தன் அணிக்காரன் கைக்கு வரச் செய்வார். அவர் தடுத்த பந்தில் இன்னொருவர் பெயருக்குப் புள்ளி ஏறும்.

இதெல்லாம் அவரவர் ரசனை என்று தள்ளிவிட முடியாது. 1961-62 பருவத்தில் எதிரணி வீரர் வில்ட் சேம்பர்லெய்ன் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி குவித்தார். ஒரே ஆட்டத்தில் 100 போட்டதும் அந்தப் பருவத்தில்தான். அப்போது சிறந்த வீரரை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். இருவரோடும் மோதி வியர்த்தவர்கள் ரஸ்ஸலைத் தேர்ந்தெடுத்தார்கள். கோப்பையும் பாஸ்டனுக்கே போனது. ஐவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு உள்ளிருந்தே வந்த அளவுகோல் இது.

அன்று லீகில் பெரும்பாலும் எட்டொன்பது அணிகள்தானே என்பது நியாயமான மறுப்பு. 11 என்ற எண்ணை அதற்கேற்பக் குறைத்தே மதிக்கலாம், தராசு மாறாது. கூட ஆடியவர்கள் எல்லாம் ஜாம்பவான்கள், அவர்களால் வந்த வெற்றி என்பது அடுத்த மறுப்பு. ரஸ்ஸல் வருமுன் செல்டிக்ஸ் ஒரு கோப்பையும் வென்றதில்லை. கடைசி இரண்டு கோப்பைகளின்போது பயிற்சியாளரும் அவரே. 1969இல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த பருவத்தில் அந்த அணி பிளேஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.