பசியும் ஆண்மையும்



ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஒருவரிடமிருந்த அடிமைகள் ஓர் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். கையை வெட்ட உத்தரவானது. பிறகு, எஜமான் அவர்களைப் பட்டினி போட்டது உமர் (ரலி) அவர்களுக்குத் தெரிந்தது. தண்டனை நின்றது. 400 திர்ஹம் ஒட்டகத்துக்கு எஜமான் 800 திர்ஹம் கொடுக்கும்படி தீர்ப்பானது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது வருகிறது. திருட்டு ஹலாலாகிவிடவில்லை, பசியை உண்டாக்கியவரும் பிடிபட்டார்.

இன்று நம் பிள்ளைகள் ஓநாயைப் பார்த்து ஆண்மை படிக்கிறார்கள். அடித்து ஜெயிப்பவன்தான் ‘ஆல்ஃபா’வாம். 1947இல் ஷெங்கல் என்ற ஆய்வாளர் எழுதியது அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி! அந்தக் கருத்தைப் பரப்பிய டேவிட் மெக் அவர்களே 1999இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள். அங்கே தலைவன் என்பவன் குட்டிகளுக்கு இரை கொண்டு வரும் தகப்பன்.

சகோதரர்களே! அடைபட்டால் ஓநாயின் குணமே மாறுகிறது. வறுமையில் அடைபட்ட மனிதன் என்ன செய்வான்? பெரும்பாலான ஏழைகள் அப்போதும் திருடுவதில்லை. பசியோடு மானம் காக்கிறார்கள். அவர்களை அந்தச் சோதனையில் விட்டுவைத்த நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மல்யுத்தத்தில் வீழ்த்துபவனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். உங்கள் ஆண்மையைக் காட்ட வேண்டுமா? ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். வேலைக்காரரின் கூலியை இன்றே கொடுங்கள். பக்கத்து வீட்டில் அடுப்பெரிந்ததா என்று விசாரியுங்கள்.

அல்லாஹ் நமக்கு தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.