ஆட்டக்காரன் வீட்டு வாசல்

பந்தலூருக்குப் பக்கத்தில் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு டீக்கடை. அந்தப் பக்கத்து மழையைப் பற்றி நீலகிரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டியும் குன்னூருமே நீலகிரி என்று நினைத்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன்: மலையாள தேசத்தைப் பார்த்துச் சரிகிற அந்த மேற்கு மூலையில் ஆடி பிறந்துவிட்டால், குடை என்பது வெறும் சம்பிரதாயம். கூடலூர் பஸ் எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

எதிர் பெஞ்சில் இரண்டு இளைஞர்கள் செல்போனை ஒரு டம்ளரில் சாய்த்துவைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2023-ம் வருஷம் வெளிவந்த '800' என்ற படம். முத்தையா முரளிதரனின் வாழ்க்கையைச் சொல்லுவது. அவர்களுக்குப் பின்னால், தலையில் கம்பளித் துணி சுற்றிய ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் கலவரம் நடந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் எதுக்குடா? ஆட்டம் வர்ற இடத்துக்குத் தள்ளு" என்றான் ஒருவன்.

"இருக்கட்டும் தம்பி. அதைத்தான் நான் பார்க்கிறேன்" என்றார் பெரியவர்.

இந்தச் சின்னத் தகராறில் யார் பக்கம் சேருவது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. இளைஞனுக்கு வேண்டியது ஆட்டம். பெரியவருக்கு வேண்டியது வீடு. விளையாட்டு வீரர்களைப் பற்றி உலகமெங்கும் இப்போது எடுத்துக் குவிக்கிற ஆவணப் படங்களிலும் வாழ்க்கைப் படங்களிலும் கிடந்து உருளுகிற கேள்வியும் இதுதானே? ஒருவன் ஓடினான், அடித்தான், பந்து வீசினான். அதற்காக அவனைக் கொண்டாடுகிறோம். சரி. அவனுடைய தகப்பனார், தாம்பத்தியம், கடன், வியாதி, இவற்றிலெல்லாம் நமக்கு என்ன பாத்தியதை?

பெரியவருக்கு ஒரு பாத்தியதை உண்டு என்பது பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது. அவர் கண்டிச் சீமையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964-ல் லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். வந்தது 1978-ல். இப்படி வந்தவர்களுக்குப் பிழைப்புக் கொடுக்கவென்றே 1968-ல் நீலகிரியில் அரசாங்கம் தேயிலை நடத் தொடங்கிற்று. 1976-ல் அது 'டான்டீ' என்ற கழகமாயிற்று. பெரியவர் அதில்தான் கொழுந்து நிறுத்தும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

"அவரு லயத்துப் பிள்ளை இல்லீங்க. அவரு அப்பாரு பிஸ்கட் பேக்டரி வச்சிருந்த முதலாளி. ஆனா தாத்தா யாரு? எங்க தாத்தா மாதிரி தேயிலைக்குப் போனவருதானே? ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல போயிருந்தாலும் போயிருப்பாங்க" என்றார்.

முரளிதரனின் பாட்டனார் 1920-ல் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர். பிற்காலத்தில் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். பிள்ளைகள் அங்கேயே தங்கித் தொழில் செய்தார்கள். 1977 கலவரத்தில் பிஸ்கட் தொழிற்சாலையைக் கொளுத்தினார்கள், தகப்பனார் வெட்டுப்பட்டார். பையனுக்கு அப்போது ஐந்து வயது. அவனே வளர்ந்து, 2010 ஜூலை 22-ந் தேதி காலி மைதானத்தில், தன் 133-வது டெஸ்டில் 800-வது விக்கெட்டை எடுத்தான். இந்த இரண்டு சங்கதிகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இளைஞன் சொல்லுவான். பந்து திரும்புவதற்குக் காரணம் மணிக்கட்டு, கலவரம் அல்ல. நியாயந்தான்.

ஆனால் அந்தக் கையின் கதை இருக்கிறதே, அது இளைஞன் போட்ட கோட்டை அழித்துவிடுகிறது. 1995 டிசம்பர் 26-ந் தேதி மெல்போர்ன் மைதானத்தில் டாரல் ஹேர் என்ற நடுவர் ஏழு முறை கையை நீட்டி 'நோபால்' என்றார். பந்தை வீசவில்லை, எறிகிறான் என்று அர்த்தம். கிரிக்கெட்டில் அதைவிடப் பெரிய வசை கிடையாது. களவாணி என்று கூப்பிடுவதற்குச் சமம். 1999-ல் அடிலெய்டிலும் இது நடந்தது. ரணதுங்கா தம் ஆட்களை எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுக்க நிமிராது. வைத்தியர்கள் அளந்தார்கள், விஞ்ஞானிகள் அளந்தார்கள், சந்தேகம் மட்டும் அடங்கவில்லை. 2004-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்றின் ஆவணப் படத்துக்காக, கை மடங்க இடமில்லாதபடி ஒரு கவசத்தைப் பூட்டிக்கொண்டு அவர் காமிராவுக்கு முன்னால் பந்து வீசினார். பந்து வழக்கம்போலத் திரும்பியது.

அந்தக் காட்சி என்னை மிகவும் சங்கடப்படுத்தியது. அதில் வீடில்லை, தகப்பனார் இல்லை, கண்ணீர் இல்லை. ஒரு கையும் ஒரு பந்தும்தான். ஆனாலும் '800' படத்தைவிட அதுவே அந்தரங்கமான படம் என்பேன். அந்தரங்கம் என்றால் நாம் படுக்கையறையையே நினைத்துக்கொள்ளுகிறோம். பிறவியில் கோணிய ஒரு முழங்கையைவிட அந்தரங்கமானது மனிதனுக்கு வேறென்ன இருக்கிறது? நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி இருந்தால் முழுக்கைச் சட்டை தைத்துப் போட்டு மூடிவிட மாட்டோமா? அவர் அதை உலகத்துக்குக் காட்டி, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். சாதனை எங்கே முடிகிறது, சொந்த உடம்பு எங்கே தொடங்குகிறது என்று அங்கே யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு உடம்பும் என் நினைவுக்கு வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன். என்ன விந்தையோ, இங்கேயும் ஒரு 800 வருகிறது. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பிறகு ஒரு பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். சோதனையின் முடிவு நாடு முழுவதும் செய்தியாயிற்று. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அவள் தாயாரிடம்கூட மெல்லப் பேசவேண்டிய விஷயத்தை, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஊரே தொலைக்காட்சியில் கேட்டது. சாந்தி கொஞ்ச காலம் அதே சூளையில் கூலி வேலை செய்தார். பின்னால் பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓட வைத்தார். இடையில் அவருக்கு நேர்ந்த இன்னும் சிலவற்றைப் பத்திரிகைகள் எழுதின. எனக்கும் தெரியும், இங்கே அவை வேண்டாம்.

சாந்தியைப் பற்றி ஒருவர் ஆவணப் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'நான் நாகரிகமானவன், சாதனையோடு நிறுத்திக்கொள்ளுவேன்' என்று அவர் பதக்க மேடையோடு படத்தை முடித்தால் அது நாகரிகம் ஆகாது, பொய். சொல்லத்தான் வேண்டும். ஆனால் யார் சொல்லுவது? முரளிதரன் கவசத்தைத் தாமே எடுத்து மாட்டிக்கொண்டார். சாந்தியின் கதவை வெளியிலிருந்து உதைத்துத் திறந்தார்கள். இருவர் விஷயத்திலும் உலகம் பார்த்தது உடம்பைத்தான். ஒருவருக்கு அது வழக்கில் சாட்சியாயிற்று, மற்றவருக்குத் தண்டனையாயிற்று. வித்தியாசம் எவ்வளவு தெரிந்தது என்பதில் இல்லை, தாழ்ப்பாள் யார் கையில் இருந்தது என்பதில்தான்.

இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்கலாம். நாவல் எழுதுகிறவன் பிறத்தியார் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துப் பிழைக்கிறவன்தான். ஒத்துக்கொள்ளுகிறேன். ஆனால் பார்த்ததற்கு நான் வேறு பெயர் கொடுத்து, வேறு ஊரில் குடிவைத்து, மூக்கையும் மாற்றிவிடுகிறேன். என் பக்கத்து வீட்டுக்காரர் என் கதையில் தம்மைப் படித்துவிட்டு, "யாரோ பாவம்" என்று சொன்னதுண்டு. ஆவணப் படம் எடுக்கிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. அதே முகம், அதே பெயர், அதே ஊர். மறுநாள் காலை அந்த மனிதர் அதே முகத்தோடு பால் வாங்கப் போக வேண்டும்.

தாழ்ப்பாளை ஆட்டக்காரன் கையிலேயே கொடுத்துவிட்டால் அவன் விளம்பரப் படமல்லவா எடுப்பான் என்று நண்பர் ஒருவர் மடக்கினார். பொய்யில்லை. 2020-ல் மைக்கேல் ஜோர்டானைப் பற்றிப் பத்துப் பகுதிகளாக வந்த படம் அவர் சம்மதத்தோடு எடுக்கப்பட்டது. சூதாட்டமும் வருகிறது, 1993-ல் தகப்பனார் கொலையுண்டதும் வருகிறது. ஆனாலும் முடிவில் அவரே ஜெயிக்கிறார். மறுவருஷம் கோல்ப் ஆட்டக்காரர் டைகர் வுட்ஸைப் பற்றி வந்த படம் அவர் ஒத்துழைப்பு இல்லாமல் எடுத்தது. குழந்தைப் பருவத்திலிருந்தே மகனை ஆட்டக்காரனாகச் செதுக்கிய தகப்பனாரைப் பற்றிய பகுதி, வுட்ஸ் பந்தை அடிக்கும்போது நாம் பார்ப்பது எதை என்று புரியவைத்தது. அவருடைய பெண் சகவாசங்களைப் பற்றிய பகுதி எதைப் புரியவைத்தது? நானும் கடைசிவரை பார்த்தேன், எழுந்து போகவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இவ்வளவே. மேடையில் பேசினது அந்தரங்கம் அல்ல. 2020-ல் முரளிதரன் வேஷத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவிப்பு வந்ததும் தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. முரளிதரனே கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் விலகினார். போர் முடிந்ததைப் பற்றி முரளிதரன் சொன்ன சில வார்த்தைகள் பலருக்கு ஆறாத புண். அதைப் பற்றி அவரைக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு. கேட்காத படம் குறைப்பட்ட படம் என்றுகூடச் சொல்லுவேன். ஆனால் அவர் தகப்பனார் உடம்பிலே விழுந்த வெட்டு அப்படிப்பட்டதல்ல. அது அந்தக் குடும்பத்தின் சொத்து. அவர்கள் காட்டினால் பார்க்கலாம்.

பெரியவரிடம் இவ்வளவையும் நான் பேசவில்லை. பேச விடவும் இல்லை அவர். இளைஞர்கள் ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போன பிறகு, 1977-ல் தம் தோட்டத்தில் தம் வீட்டில் நடந்ததை அவரே சொல்லத் தொடங்கினார். நான் கேட்கவில்லை. அரைமணி நேரம் இருக்கும். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. முடித்துவிட்டுக் கம்பளித் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார்.

"நீங்க எழுதுறவருன்னு சொன்னீங்கல்ல? இதை எழுதிப் போட்டுடாதீங்கய்யா. அவரு பெரிய ஆளு, சொல்லலாம். எம் பிள்ளைங்களுக்கே இது தெரியாது."

"பேரை மாத்திடலாம் பெரியவரே" என்றேன். தொழில் புத்தி.

"வேண்டாங்க" என்றார்.

கூடலூர் பஸ் வந்தது. டீக்குக் காசு கொடுக்க அவர் என்னை விடவில்லை.