மயக்காத பொருளின் விலக்கு: காத் இலையும் ஃபிக்ஹு மரபின் ஒரு சிக்கலும்

இஸ்லாமியச் சட்டவியலாகிய ஃபிக்ஹு மரபில் பெரும்பாலான அறிஞர்கள், மது விலக்கப்பட்டதற்கான காரணத்தை அதன் மூலப்பொருளில் தேடாமல், அறிவை மறைக்கும் அதன் இயல்பில் கண்டனர். ஆகவே மறைநூலில் பெயர் சுட்டப்படாத பொருள் ஒன்று புதிதாகப் புழக்கத்துக்கு வரும்போது, அது போதையூட்டுகிறதா என்று ஆராய்ந்து, ஊட்டுமாயின் மதுவுக்குரிய விதியை அதற்கும் நீட்டுவது, ஒப்புமைவழி முடிவு காணும் கியாஸ் முறையின் வழக்கமாயிற்று. அறிவை மங்கச் செய்யும் பொருள்களுக்கு எளிதில் பொருந்திய இந்த அளவுகோல், உறக்கத்தை விரட்டி அறிவைக் கூர்மையாக்குவதாகத் தோன்றும் ஊக்கிப் பொருள்களின் முன் தடுமாறியது.

அத்தடுமாற்றம் முதலில் வெளிப்பட்டது காப்பியில்தான். 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டுச் சூஃபிகள், இறைவனை நினைந்து ஓதும் திக்ர் அமர்வுகளில் இரவெல்லாம் கண்ணயராதிருக்கக் காப்பி அருந்தினர். வழிபாட்டுக்குத் துணையாக வந்த அப்பானம் மக்கா நகரில் பரவியபோது, அங்கே சந்தை ஒழுங்கையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணித்த மம்லூக் அதிகாரி காயிர் பேக், 1511இல் மார்க்க அறிஞர்களான உலமாக்களையும் மருத்துவர்களையும் கூட்டி அதற்குத் தடை விதித்தார். அவ்விவாதத்தில், காப்பியும் மதுவைப் போலவே போதை தருகிறது என்று சாட்சி சொன்ன ஒருவர், மதுவின் போதையைத் தாம் அறிந்தவர் என்பதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டவராகித் தண்டனைக்கு உள்ளானார் என்பர். மம்லூக் ஆட்சியின் தலைமையிடமான கெய்ரோவிலிருந்து பின்னர் வந்த ஆணை காப்பிக் கூட்டங்களைக் கண்டித்ததேயன்றிப் பானத்தை விலக்கவில்லை. அது ஆகுமானதே என்று நிறுவ அப்துல் காதிர் அல்-ஜஸீரீ 1558 அளவில் தனி நூலே எழுதினார். தண்டனை பெற்ற சாட்சியின் கதை நகைப்புக்குரியதாயினும் அதில் ஓர் உண்மை உண்டு: ஒரு பொருள் உள்ளத்தில் செய்வதை அதை உட்கொண்டவரே அறிவார், சட்டமோ அவர் சொல்லை நம்பியே தீர்ப்பளிக்க வேண்டியிருக்கிறது.

யெமனிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கன்னத்தில் அடக்கி மணிக்கணக்கில் மெல்லப்படும் காத் என்னும் இளந்தளிர், இச்சிக்கலை மேலும் கடுமையாக்கியது. அதன் விதி குறித்து யெமன் அறிஞர்கள் தம்முள் மாறுபட்டு, மக்காவில் வாழ்ந்த இப்னு ஹஜர் அல்-ஹைதமீ (மறைவு 1566) அவர்களிடம் தீர்வு கேட்டனர். தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் என்னும் சட்டப்பள்ளியின் பேரறிஞர் இவர். காத் மென்றவர்களில் சிலர் நன்மையையும் வேறு சிலர் தீமையையும் கண்டதாகச் சொன்னதால், அவர் அதை ஹராம், அதாவது விலக்கப்பட்டது, என்று அறுதியிட்டுக் கூறாமல், ஐயத்துக்குரியதைத் தவிர்ப்பதே பேணுதல் என்று அறிவுறுத்தினார்.

அச்சாட்சியங்கள் ஏன் முரண்பட்டன என்பதற்கு இன்றைய மருந்தியல் விடை தருகிறது. 1975இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஆய்வகம் பச்சைத் தளிரிலிருந்து பிரித்தெடுத்த கேத்தினோன் என்னும் வேதிப்பொருள், அமைப்பிலும் செயலிலும் ஆம்ஃபிடமினுக்கு நெருங்கியது. நரம்பு முனைகளில் சேமிப்பில் இருக்கும் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய செய்திக்கடத்திகளை இது வெளியே தள்ளுவதால், முதற்சில மணி நேரம் விழிப்பும் பேச்சும் தன்னம்பிக்கையும் பெருகுகின்றன. அவ்விளைவு தணிந்தபின் மனச்சோர்வும் எரிச்சலும் உறக்கமின்மையும் வந்து சேர்கின்றன. இருவகைச் சாட்சிகளும் பொய் சொல்லவில்லை, ஒரே பொருளின் வெவ்வேறு வேளைகளைப் பற்றியே பேசினர் என்று கொள்ள இது இடம் தருகிறது. அதற்கும் மேலாக, முதல் வேளையில் தோன்றும் தெளிவுணர்வே அப்பொருளின் விளைவாதலால், அந்நிலையில் உள்ளவர் தம்மைப் பற்றித் தரும் நற்சான்றுக்குச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு உண்டு என்பதும் கேள்வியாகிறது. மது அருந்தியவரின் தடுமாற்றம் பிறர் கண்ணுக்குத் தெரியும். ஊக்கி உட்கொண்டவரின் தவறான தன்மதிப்பீடு பெரும்பாலும் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

போதையூட்டுவதோடு உடலைத் தளரச் செய்வதும் விலக்கப்பட்டது என்று அபூதாவூத் தொகுப்பில் உள்ள நபிமொழியைக் கொண்டு, பிந்தைய சோர்வைக் காட்டியே காத்தை விலக்கலாம் என்று வாதிட இயலும். ஆனால் பின்விளைவாக வரும் எல்லாச் சோர்வையும் விலக்குக்குக் காரணமாக்கினால் காப்பியும் தப்பாது. உறக்க உணர்வைத் தூண்டும் அடினோசின் என்னும் பொருளின் ஏற்பிகளை மறிப்பதே காஃபீனின் செயல் என்பதால், வழக்கமாக அருந்துவோர் அதை நிறுத்தும்போது தலைவலியும் களைப்பும் காண்கின்றனர். ஆகவே வேறுபாட்டைச் சோர்வு என்ற தன்மையில் அன்றி, தீங்கின் அளவிலேயே தேட வேண்டியுள்ளது.

மருத்துவமும் இதையே உணர்த்துகிறது. பகலில் அடக்க முடியாத உறக்கம் வந்து ஆட்கொள்ளும் நார்கோலெப்ஸி நோய்க்கு 1935இலும், நடத்தைச் சிக்கலுள்ள சிறாருக்கு மருத்துவர் சார்லஸ் பிராட்லியால் 1937இலும் ஆம்ஃபிடமின் தரப்பட்டது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் மெத்தில்ஃபெனிடேட்டும் இன்றும் தரப்படுகின்றன. அளவோடு வாய்வழி உட்கொள்ளப்பட்டு மூளையை மெல்லச் சென்றடையும்போது மருந்தாகும் அதே மூலக்கூறு, பேரளவில் மூக்கிலோ ஊசியிலோ விரைந்து ஏறும்போது அடிமைத்தனத்துக்கும் இதயக் கேட்டுக்கும் வழி வகுக்கிறது. ஐயமும் மாயக்காட்சியும் நிறைந்த ஆம்ஃபிடமின் மனப்பிறழ்வை உளநோய் மருத்துவர் ஃபிலிப் கானெல் 1958இல் விரிவாக விளக்கினார். பொறுப்பேற்கும் அறிவு உடையவர் மீதே மார்க்கக் கடமை சாரும் என்பது ஃபிக்ஹின் அடிப்படையாதலால், நோயாளிக்கு அளவோடு தரப்படும் அம்மருந்து இக்கட்டுக்காக அளிக்கப்படும் விதிவிலக்கு மட்டுமன்று, கடமையாற்றும் ஆற்றலை மீட்டுத் தருவதுமாகும்.

எனவே, ஒரு வேளையின் மனநிலையைக் கேட்கும் 'போதை உண்டா' என்ற வினாவைவிட, தீங்கு இழைத்தலும் தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்ற ஃபிக்ஹு விதி ஊக்கிகளுக்கு நன்கு பொருந்துகிறது. தவறிய தொழுகை, இல்லத்துக்குச் சேராமல் இலைக்குச் செலவான கூலி, காத் பாசனத்துக்காக யெமனில் வற்றிவரும் நிலத்தடி நீர் ஆகியவற்றை அறிய, மென்றவரின் சாட்சியம் தேவையில்லை. அவை பிறரால் காணத்தக்கவை. இவ்வளவுகோலின்படி காப்பி பொதுவாகத் தப்பும், மருத்துவர் தரும் மாத்திரை ஏற்கப்படும்; அன்றாடக் காத் அமர்வோ, தான் தீங்கற்றது என்பதைத் தன் உற்சாகத்தைக் காட்டி நிறுவ முடியாது.