பசியால் மாய்ந்தாரை நினைத்தல்

பசித்து வந்தானைக் கண்டவிடத்து இரங்குதல் மக்கட்கு இயல்பாய் அமைந்த குணம். வாயிலில் நின்று கையேந்துவான் ஒருவனுக்கு ஒருபிடி சோறளித்தல் யாவர்க்கும் கூடுவதே. ஆயின், கையேந்துதற்கும் இன்று ஆளாய் நில்லாது, பல்லாண்டுகட்கு முன்னரே பசியால் மாய்ந்துபோன பல இலட்சம் மக்கள் திறத்து நாம் செய்யக்கடவதொன்று உண்டோ? அவர்க்கு இனிச் சோறிடுதல் இயலாது. அவர்தம் பசியைத் தணித்தற்குரிய காலம் கழிந்தொழிந்தது. அங்ஙனமாகவும், அவரை நினைத்தற்பொருட்டு மண்டபம் எடுத்தலும், அவர்தம் பெயரைத் தேடி எழுதுதலும் அறத்தின்பாற்படுமோ, அன்றி ஆற்றாமையால் எழும் வெறுஞ்செயலாய் ஒழியுமோ என்பது ஆராயற்பாலது. இதனை ஆராய்தற்கு, உக்ரேன் நாட்டின் தலைநகராகிய கீவ் மாநகரில் உள்ள நினைவுக் காட்சிச்சாலை ஒன்றை எடுத்துக்கொள்வாம்.

உக்ரேன் கரிசல் மண்ணால் வளஞ்சிறந்த நாடு. கோதுமை விளைவிற்குப் பெயர்பெற்றது. அந்நாட்டின்கண் 1932, 1933-ஆம் ஆண்டுகளில், சோவியத்து ஆட்சியில் ஸ்டாலின் தலைமைபூண்டிருந்த காலத்து, பெரும்பஞ்சம் ஒன்று நிகழ்ந்தது. வானம் பொய்த்தமையால் மட்டும் விளைந்த பஞ்சம் அஃதன்று. விளைவு குறைந்திருந்தமை உண்மையே. எனினும் அக்குறைந்த விளைவு தாங்கவொண்ணாத அளவிற்கு அரசு தானியப் பங்கு விதித்து, அதனை உழவரிடமிருந்து வலிதிற் கவர்ந்தது. பங்கினை நிரப்பாத ஊர்களின் பெயர்கள் 'கரும்பலகை'யில் ஏற்றப்பட்டன. அவ்வூர்க் கடைகட்குச் சரக்கு வருவதும் நிறுத்தப்பட்டது. 1932 ஆகஸ்டு 7-ஆம் நாள் பிறந்த கட்டளை, கூட்டுப்பண்ணைப் பொருளைக் களவாடுவோர்க்குக் கொலைத்தண்டமும், தணிவிற்கு இடமுளதாயின் பத்தாண்டுச் சிறையும் விதித்தது. அறுவடையான வயலிற் சிந்திக்கிடந்த கதிரைப் பொறுக்கிய ஏழைகளும் அக்கட்டளைக்கு இலக்காயினர். ஆதலின் மக்கள் அதனை 'ஐங்கதிர்ச் சட்டம்' என்று வழங்கினர். 1933 சனவரி 22-ஆம் நாள் ஆணை ஒன்று, பசித்த உழவர் உணவு நாடி எல்லை கடந்து செல்லாவாறு வழிகளை அடைத்தது. அவ்விரண்டாண்டுகளிலும் பிறநாடுகட்குத் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது என்பதனை எண்ணுங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது.

இங்ஙனம் உக்ரேனில் இறந்தார் ஏறத்தாழ 39 இலட்சம் மக்கள் எனக் குடித்தொகை ஆராய்ச்சியாளர் சிலர் கணக்கிடுவர். கூட்டியும் குறைத்தும் கூறுவாரும் உளர். அக்காலத்தே கசாக்கு நாட்டிலும், குபான், வோல்காப் பகுதிகளிலும் எண்ணற்றோர் பசியால் மாண்டனர். இக்கொடுமையை உக்ரேனியர் 'ஹொலொதொமோர்' என்பர். பசியாற் கொல்லுதல் என்பது அச்சொல்லின் கருத்து. அந்நாட்டுச் சட்டமன்றம் 2006-ஆம் ஆண்டில் இதனை இனக்கொலை எனச் சட்டம் வகுத்தது. வரலாற்றாசிரியருள் அப்பெயரை உடன்படுவாரும் மறுப்பாரும் உளர். எப்பெயரால் வழங்கினும், உண்பதற்கு உரியதைப் பறித்தமையால் மக்கள் மாண்டனர் என்னும் உண்மை மாறாது.

இனி, அம்மக்கட்கு நேர்ந்த இரண்டாம் இறப்பு ஒன்று உண்டு. 1937-ஆம் ஆண்டு சனவரியில் எடுத்த குடிக்கணக்கு, இருக்கவேண்டிய மக்களுட் பலர் இல்லை என்பதனைக் காட்டிற்று. ஆட்சியினர் அக்கணக்கினை வெளியிடாது மறைத்தனர். கணக்கெடுத்த அறிஞருட் பலர் சிறைப்பட்டனர். சிலர் கொல்லவும் பட்டனர். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுகாறும் அப்பஞ்சத்தைக் குறித்து அந்நாட்டில் வெளிப்படப் பேசுதல் குற்றமாய் இருந்தது. தாயைப் பறிகொடுத்த மகன் தாய் எங்ஙனம் இறந்தாள் என்று தன் மக்கட்குச் சொல்லுதற்கும் அஞ்சினான். முன்னர் உணவு பறிபோயிற்று. அதனால் உயிர் பறிபோயிற்று. ஈற்றில் இறந்தமையும் பறிபோயிற்று. பஞ்சத்தின் முழுக்கொடுமையும் இம்மூன்றாவது பறிப்பினாலேயே நிறைவெய்திற்று எனலாம்.

மேற்கூறிய காட்சிச்சாலை 2008 நவம்பரில், பஞ்சத்தின் 75-ஆம் ஆண்டு நிறைவில், நீப்பர் ஆற்றின் கரைமேல் உயர்ந்த குன்றிடத்தே திறக்கப்பட்டது. அதற்குச் செல்லும் வழியில் மெலிந்த சிறுமி ஒருத்தியின் திருந்திய வடிவம் நிற்கின்றது. அவள் தன் மார்போடு அணைத்துள்ளவை ஐந்து கோதுமைக் கதிர்கள். ஐங்கதிர்ச் சட்டம் இன்னதென்று அறிந்து அவளை நோக்குவார்க்கு அவள் குழந்தையுமாம். அச்சட்டத்தின் கண்ணிற் குற்றவாளியுமாம். அப்பால் திரிகைக் கற்கள் வட்டமாகக் கிடக்கின்றன. அரைத்தற்குத் தானியமின்றி அவை வாளா கிடக்கும் தோற்றமே ஊர்களின் வெறுமையை உணர்த்துகின்றது. நடுவே வெண்ணிற மெழுகுவர்த்தி வடிவில் ஒரு தூண் வானளாவி நிற்கின்றது. அதன் சுவரிற் சிறிதும் பெரிதுமாகச் சிலுவை வடிவிற் சாளரங்கள் உள. அவை சிறியரும் பெரியருமாக மாண்ட உயிர்களைக் குறிக்கும். கரும்பலகையில் ஏற்றப்பட்ட ஊர்களின் பெயர்கள் கரிய கற்பலகைகளிற் பொறிக்கப்பட்டுள்ளன. பழிப்பதற்காக எழுதப்பட்ட பெயர்களே இன்று வணங்குதற்காக எழுதப்பட்டு நிற்றல் காண்க.

தூணின் கீழே நினைவு மண்டபம் உளது. உழவர் இல்லங்களிற் பயின்ற கருவிகளும் கலங்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. இறந்தார் பெயர்களைத் தொகுத்த நினைவு நூலின் தொகுதிகளும் மாவட்டந்தோறும் வகுக்கப்பட்டு அங்கே இருக்கின்றன. வருவோர் தத்தம் ஊரின் ஏட்டைப் புரட்டித் தம் முன்னோர் பெயரைத் தேடுவர். கிடைத்தவர் அழுவர், கிடையாதவர் வாளா நிற்பர். இறந்தார் தொகையோடு ஒப்பிட, அந்நூலிற் கண்ட பெயர்கள் சிறு பகுதியே. ஏனையோரை எழுதிவைத்தார் இலர். எழுதற்கு உரியாரும் உடன் மாண்டனர். ஆகவே அம்மண்டபம் உள்ளதைக் காட்டுவதோடு இல்லாததையும் காட்டுகின்றது.

ஈண்டுத் தடை ஒன்று நிகழும். 'இறந்தார்க்கு இவற்றால் வரும் பயன் என்னை? கல்லில் எழுதிய பெயரை அவர் வந்து படிப்பரோ?' என்பது அது. படியார் என்பது உண்மையே. ஆயினும், கடன் கொடுத்தான் இறந்துபடின் கடன் தீர்ந்ததாகாது என்பதனை யாவரும் ஒப்புவர். உணவு ஒரு கடன். உண்மை மற்றொரு கடன். உணவுக் கடனை இறந்தார்க்குச் செலுத்துதல் இனி எவர்க்கும் இயலாது. உண்மைக் கடனோ எக்காலத்துஞ் செலுத்தற்குரியது. 'நீ வாழ்ந்தாய், உனக்குப் பெயர் இருந்தது, நீ பிணியால் மாய்ந்தாயென்றும், சோம்பலாற் கெட்டாயென்றும் பிறர் சொல்லியவை பொய்' என்று கூறுதலே அக்கடனைச் செலுத்துதலாம். பசி உடம்பை மட்டும் வாட்டுவதன்று, நாணத்தை அழிக்கும், பெற்றோர் பிள்ளை என்னும் தொடர்பையும் அறுக்கும், ஈற்றில் மனிதனைப் பெயரற்ற பொருளாக்கிப் பொதுக்குழியில் இடும். அவனைப் பெயர் சொல்லி அழைத்தல், பசி பறித்தவற்றுள் மீட்கக்கூடிய ஒன்றை மீட்டலாம்.

'அற்றேல், இந்நினைவு பகையை வளர்க்குமே. பழம்புண்ணைக் கிளறுதல் நன்றோ?' என்பது இரண்டாந்தடை. இது தள்ளுதற்குரியதன்று. நினைவு படைக்கலமாவதும் உலகியலிற் காணப்படுவதே. ஆயினும் மறைத்தலாற் புண் ஆறியது யாண்டும் இல்லை. போர் மூண்ட 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், மாரியுபோல் நகரைக் கைக்கொண்ட இரஷ்யத் தரப்பினர், ஆங்கிருந்த பஞ்ச நினைவுக்கல்லைப் பெயர்த்தெடுத்தனர். அதனாற் பகை தணிந்ததோ? இல்லை, இறந்தாரை மீண்டும் ஒருகாற் புதைத்ததாகவே அம்மக்கள் உணர்ந்தனர். பொறுத்தல் பெருங்குணமே. ஆயின் குற்றம் இன்னதென வெளிப்பட்ட பின்னரே அதனைப் பொறுத்தற்கு இடமுண்டாம். நிகழவேயில்லை என்று மறுக்கப்படும் ஒன்றனைப் பொறுப்பது எங்ஙனம்?

மூன்றாவதாக, வினைக்கொள்கையை உடன்பட்ட நம்மனோருள்ளும் சிலர், 'உயிர்கள் நுகர்வன யாவும் அவ்வவற்றின் வினைப்பயனே. பசியால் மாய்ந்தாரும் தம் வினையை நுகர்ந்து கழித்தாராவர். அதற்கு இரங்குதல் என்னை?' என வினாவுதல் கூடும். நுகர்ந்தவன் நுகர்ந்தது தன் பிராரத்தமே யாயினும், பறித்தவன் செய்கை அதனால் தூயதாகாது. அஃது அவன் புதிதாய் ஈட்டிய ஆகாமியம். கண்டிருந்தும் கைந்நீட்டாதவனுக்கும் அதிற் பங்குண்டு. பிறர் வினையை அளந்து தீர்ப்புக்கூறுதல் இறைவற்கே உரியது. நமக்கு உரியது நம் கடன் ஒன்றே. அயலான் பசித்திருப்ப, 'அஃது அவன் வினை' என்று கதவடைப்பவன் வினைக்கொள்கையை உணர்ந்தவனாகான். தன் வன்னெஞ்சிற்கு அதனைப் போர்வையாக்கிக் கொண்டவனேயாவான்.

இவ்வளவிற் பொதிந்துகிடக்கும் கடிய வினா ஒன்று உளது. தானியத்தைத் தேடிப் பறித்தவர் யாவர்? தலைநகரிலிருந்து ஆணை வந்தது. ஆயின் வீடுதோறும் புகுந்து, இரும்புக் கம்பியால் நிலத்தையும் சுவரையும் குத்தி, ஒளித்து வைத்த சிறுமூட்டையை இழுத்துச் சென்றாருள் அவ்வவ்வூராரும் இருந்தனர். அவர் அரக்கர் அல்லர். அச்சத்தாலும், ஆணைக்கு அடங்குதலாலும், எதிர்காலத்து நன்மை வரும் என்னும் நம்பிக்கையாலும் அங்ஙனஞ் செய்த மக்களே. அதே ஊர்களில், தம் பிள்ளைகட்கே போதாத கஞ்சியில் அயலார் பிள்ளைக்கும் ஒருவாய் ஊட்டியோர் இருந்தனர் என்பதும் பிழைத்தவர் வாய்மொழியால் அறியக்கிடக்கின்றது. ஒரே தெரு, ஒரே பஞ்சம், ஒருவன் பறித்தான், ஒருத்தி பகிர்ந்தாள். 'யான் அங்கிருந்தேனாயின் இவ்விருவருள் யாராயிருந்திருப்பேன்?' என்று காண்போன் தன்னையே வினாவும்படி செய்வதே நினைவுச்சாலையின் முடிந்த பயன் என்பது எம் கருத்து. பகைவன்மேற் சினம் ஒன்றையே ஏந்தி வெளிவருவான் பாதியே கண்டவன். தன்மேல் ஐயமும் பசித்தார்மேல் அருளும் உடன்கொண்டு வருவானே முழுதுங் கண்டவன்.

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் நான்காஞ் சனிக்கிழமையை உக்ரேனியர் இறந்தார் நினைவு நாளாகக் கொள்வர். அந்நாளில் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சாளரத்தே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தல் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டில் எழுதியவர் சேம்ஸ் மேஸ் என்னும் வரலாற்றாசிரியர். அவர் உக்ரேனியக் குடியிற் பிறந்தாரல்லர், அமெரிக்க நாட்டினர். பிறநாட்டார் இறப்பைத் தம் துயராகக் கொண்டு, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவ்வுண்மையை ஆராய்தற்கே செலவிட்டு, கீவ் நகரிலேயே 2004-ல் மறைந்தார். அவர் வேண்டியவாறே இன்றும் அந்நாட்டு இல்லங்களில் அந்நாள் மாலை நான்கு மணிக்கு விளக்குக்கள் ஏற்றப்படுகின்றன.

அன்பர்காள்! மாண்டார்க்கு நாம் இடும் விளக்கு அவர்க்கு வழிகாட்டுதற்கன்று. ஒரு சாளரத்தில் விளக்கெரிதல், அவ்வில்லத்தே ஆள் உண்டு, அடுப்பு உண்டு, பசித்து வருவார்க்குக் கதவு திறக்கும் என்பதற்கு அறிகுறி. அவ்விளக்கை ஏற்றியவன் தன் வாயிலில் வந்து நின்றானை வறிதே போக்குவானாயின், அவன் ஏற்றியது மெழுகை உருக்கினதேயன்றி நினைவாகாது. இறந்தார்க்கு உண்மையையும் இருப்பார்க்கு உணவையும் ஒருங்கே அளித்தலே பசியால் மாய்ந்தாரை நினைத்தலாம்.