மனிதர் காணவா, காணாமலா?



மலைப்பிரசங்கத்தை நிதானமாக வாசிக்கிறவர்களுக்கு ஓரிடத்தில் தடங்கல் உண்டாகும். அர்ச். மத்தேயு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தில், நம்முடைய நற்கிரியைகளைப் பிறர் கண்டு பரமபிதாவைப் புகழும்படி நாம் நடக்கவேண்டுமென்று சேசுநாதர் போதிக்கிறார். ஏட்டைப் புரட்டி 6-ஆம் அதிகாரத்துக்கு வந்தால், மனிதர் பார்க்கவேண்டுமென்று நன்மை செய்யக்கூடாது, வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியலாகாது என்கிறார். எதைச் செய்வது? பிறர் காணச் செய்வதா, காணாமற் செய்வதா? ஞானோபதேச வகுப்பில் ஒரு சூட்டிகையான பையன் இதைக் கேட்டால், உபதேசியார் கொஞ்சம் திண்டாடத்தான் வேண்டியிருக்கும்.

நம்மூரிலோ இது வகுப்பறையோடு முடிகிற கேள்வியன்று. 365 படிகளுடைய முருகன் மலையின் அடியில், எண்ணிக்கையில் சிறிய மந்தையாக நாம் குடியிருக்கிறோம். தெருவிலே ஒரே கிறீஸ்தவக் குடும்பமாக இருப்பவர்கள் நம்மில் உண்டு. அந்த வீட்டின் சண்டை, கடன், கலியாணம், சாவு எல்லாம் தெரு அறியும். "வேதக்காரர் வீடு" என்று அடையாளம் சொல்லுவார்கள். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பார்க்கப்படுகிறோம். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்த பிறகு, பார்ப்பவர்களுக்காகவே நல்லவராக இருக்கும் சோதனை வந்துவிடுகிறது. ஏழைக்குப் புடவை கொடுக்கும்போது செல்போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புகிற வழக்கம் இப்போது நம்மிடமும் புகுந்திருப்பதைக் காண்கிறேன். வாங்குகிற அந்தத் தாய் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள் என்று எவரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

நேர்மையைக் குறிக்க லத்தீனில் "இந்தெகிரித்தாஸ்" என்றொரு சொல் உண்டு. உடையாமை, முழுமை என்பது அதன் நேர்ப்பொருள். கோயிலில் ஒருவர், கடையில் வேறொருவர், வீட்டில் மூன்றாமவர் என்று மனிதன் துண்டுபட்டுப் போகாமலிருப்பதே நேர்மை. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், பாசாங்கைச் செய்கையினால் சொல்லப்படும் பொய் என்கிறார். அதற்காக, தன் குற்றங்குறைகளை வீதியில் நின்று பறைசாற்றவேண்டுமென்று அவர் சொல்லவில்லை. தன் பாவத்தை மறைத்து வைப்பது பாசாங்காகாது, இல்லாத நன்மையை இருப்பதாகக் காட்டுவதே பாசாங்கு. இவ்வளவும் விளங்கினால் இரண்டு அதிகாரங்களுக்கும் சண்டையில்லையென்பது தெரியும். 6-ஆம் அதிகாரம் நம் கண் எங்கே இருக்கவேண்டுமென்று சொல்லுகிறது. 5-ஆம் அதிகாரம், கண் அங்கே இருந்தால் பிறகு என்ன நடக்குமென்று சொல்லுகிறது.

நம் தமிழ்நாட்டின் அர்ச்சியசிஷ்டவர் ஒருவருடைய சரித்திரத்தில் இது நடந்திருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தது. சிறைப்பட்டவர்களில் டிலனாய் என்னும் கத்தோலிக்க வீரர் ஒருவர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் சேனையைப் பழக்கும் வேலையை அவரிடமே கொடுத்தார். டச்சுக்காரர் கண்ணில் அவர் கட்சி மாறியவர். அவரை அர்ச்சியசிஷ்டவரென்று எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்நிய நாட்டில், அரசாங்க உத்தியோகத்தில், அவர் தம் விசுவாசத்தை விட்டுவிடவில்லை.

அதே அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர் நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. குடும்பத்தில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்து அவர் மனமொடிந்திருந்தார். கூட வேலை செய்த டிலனாய் அவர் முகவாட்டத்தைக் கண்டு விசாரித்தார். யோபு என்னும் நீதிமானின் கதையைச் சொன்னார். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் வந்தது கூட்டு வேலை, பிறகு நம்பிக்கை, பிறகு விசாரிப்பு, வேதம் அதற்கும் பிறகு. அர்ச். இராயப்பரும் தம் முதல் நிருபத்தில், நம்முடைய நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கவேண்டும் என்றே எழுதுகிறார். கேட்க வைப்பது நடத்தை. (பிரசங்கத்துக்கு நான் விரோதியல்ல. அதைச் செய்துதான் பிழைக்கிறேன்!)

நீலகண்டர் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றாள். தேவசகாயம் தாம் உயர்ந்த சாதியென்று பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார். அது பலருக்குப் பொறுக்கவில்லை. 1749-இல் அவரைச் சிறைபிடித்தார்கள். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 சனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் பரிசுத்த பாப்பு பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தபோது, சாதியைக் காட்டும் "பிள்ளை" என்ற சொல் நீக்கப்பட்டிருந்தது.

டிலனாய் என்ன ஆனார்? திருவிதாங்கூர் சேனையில் நீடித்து, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். தம் வார்த்தையைக் கேட்டு வேதத்துக்கு வந்த நண்பர் விலங்கோடு நடத்தப்பட்டபோது அவரால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூன்று வருஷங்களும் அவர் எப்படித் தூங்கியிருப்பாரோ! பிறருக்கு நல்ல தூண்டுதலாயிருப்பதை ஏதோ இனிப்பு வழங்குவதைப்போல நாம் பேசிவிடுகிறோம். நம்மைப் பார்த்து ஒருவன் நேர்வழியில் இறங்கினால், அவன் நம்மைவிட அதிக விலை கொடுக்க நேரிடலாம். லஞ்சம் வாங்காத தகப்பனைப் பார்த்து வளர்ந்த மகன் அதனால் உத்தியோகத்தில் ஒதுக்கப்பட்டால், அந்தத் தகப்பன் என்ன சொல்லுவான்? இதற்குச் சுலபமான பதில் என்னிடமில்லை. மகனோடு கூட நிற்கவேண்டுமென்பது மட்டும் நிச்சயம்.

வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. சாதியை மதியாத தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், 19-ஆம் நூற்றாண்டில் எழும்பிய கோயிலில் இரு சாதியாரைப் பிரிக்க நடுவே சுவர் இருந்தது. இரண்டு கால்களாகப் பிரிந்திருந்த அந்தக் கட்டடத்துக்குக் "கால்சட்டைக் கோயில்" என்றே பெயர் வந்தது. 1910-இல் சுவரை இடித்தபோது கிறீஸ்தவர்களே வழக்காடி, அது சென்னை உயர்நீதிமன்றம்வரை போயிற்று. வெளியிலிருந்து பார்த்தவர்கள் நம் வேதத்தைப்பற்றி அன்று என்ன கற்றிருப்பார்கள்? தமிழ்நாட்டில் இன்றும் கல்லறைத் தோட்டத்திலே சாதி பார்க்கிற கிறீஸ்தவர்கள் இருக்கிறார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை படிக்கும் சுவிசேஷத்தைவிட அதுவே உரக்கக் கேட்கிறது.

தேவசகாயத்தின் கதையைக் கேட்டு, நான் யோக்கியனாக இருந்தால் அடுத்த வீட்டுக்காரர் ஞானஸ்நானத்துக்கு வந்துவிடுவார் என்று கணக்குப் போடவேண்டாம். திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வேப்பள்ளி இராதாகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிசு கல்லூரி, சென்னையில் கிறித்தவக் கல்லூரி: அவர் இளமையிற் பெரும்பாலும் படித்தது கிறீஸ்தவர்களிடம்தான். அங்கே இந்து சமயத்தை இழித்துப் பேசியதைக் கேட்டு மனம் வருந்தியதே தம்மை அச்சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். பிறர் வேதத்தைத் தூற்றிய வாய்கள் இந்த மட்டும் சாதித்தன. ஆனால் அதே கல்லூரியில் ஆல்ஃபிரட் ஹாக் என்ற பேராசிரியர் இருந்தார். வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்று கிறீஸ்தவர்கள் சொன்ன குற்றச்சாட்டை மறுத்து, இளைஞர் இராதாகிருஷ்ணன் எம்.ஏ. பட்டத்துக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1908-இல் அது அச்சாயிற்று. தமக்கு ஒவ்வாத முடிவென்று ஹாக் அதை மட்டந்தட்டியிருக்கலாம். அவரோ மாணவனின் அறிவுத்திறனை மெச்சி நற்சான்று எழுதினார். மாணவர் இந்துவாகவே இருந்தார். 1962-இல் குடியரசுத் தலைவருமானார். தம் ஆசிரியரை மதிப்போடு நினைவுகூர்ந்தார். ஹாக் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆனாலும் கிறீஸ்தவ ஆசிரியன் எப்படியிருக்கவேண்டுமென்று கேட்டால் அவரைத்தான் காட்டுவேன். எதிர்க்கட்சியின் நியாயத்தையும் அதே தராசில் நிறுத்தவல்லவா அவருக்கு மனமிருந்தது! மற்ற மதங்களில் உண்மையும் பரிசுத்தமுமானதைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965 அக்டோபர் 28-இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பிரகடனம் கூறுகிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவர் அப்படி நடந்திருக்கிறார்.

ஆடிக் கிருத்திகை வரும்போது நம் கடைத்தெருவைப் பாருங்கள். காவடிகள் ஆயிரக்கணக்கில் வரும். எல்லைக் கிளர்ச்சி முடிந்து 1960 ஏப்ரலில் நம்மூர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோதிலும், ஆந்திராவிலிருந்து தெலுங்கு பேசும் பக்தர்கள் வருவது நிற்கவில்லை; நிற்கவும் வேண்டாம். அன்றைக்குத் தேங்காய்க்கும் தண்ணீருக்கும் ஆட்டோவுக்கும் சொன்னதே விலை. நம்மவர் சிலரும் கடை போடுகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள். அந்தப் பக்தர் உங்களைக் கிறீஸ்தவரென்று அறியார். நீங்கள் ஏமாற்றினால் வேதத்துக்குக் கெட்ட பெயர் வரப்போவதில்லை. நியாயமாக நடந்தால் நல்ல பெயரும் வரப்போவதில்லை. மொழியும் சரியாகத் தெரியாத அந்த மனிதர் நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார். நீங்கள் கொடுக்கும் மீதியை எண்ணிப் பாராமல் மடியில் முடிந்துகொண்டு, காவடியைத் தோளில் ஏற்றிப் படிக்கட்டை நோக்கிப் போய்விடுவார்.