அடைக்கலமாக வரும் சிறுவரும் பல்கலைக்கழகத்தின் கடப்பாடும்

பல்கலைக்கழகம் வளர்ந்தோருக்குரிய நிறுவனம் என்பது பொதுவான எண்ணம். ஆயினும், அதன் மாணவர் சங்கங்கள் மேற்கொள்ளும் சமூகப் பணிகளுட் கணிசமான பகுதி பதினெட்டு வயதை எட்டாதோரை நோக்கியே அமைந்துள்ளது. க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்கான கருத்தரங்குகள், மாதிரிப் பரீட்சைகள், விஞ்ஞான முகாம்கள், பேச்சு, நாடகப் பயிற்சிகள் ஆகியன இதற்குச் சான்றாகும். நுவரெலியாவிலிருந்து பதுளை செல்லும் நெடுஞ்சாலையில், மரக்கறித் தோட்டங்களுக்கும் தேயிலை மலைகளுக்கும் நடுவே அமைந்த வெலிமடைப் பிரதேசத்தை எண்ணிப் பார்ப்போம். தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர் போதாமை ஊவாவின் தோட்டப் பாடசாலைகளுக்கு நெடுங்காலக் குறை. இத்தகைய ஊர்களில், ஒரு நாட் கருத்தரங்கும் ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் போக்கையே மாற்றவல்லது.

இப்பணியின் நன்மையை எவரும் மறுக்கார். ஆனால், அங்கு கூடும் சிறுவரின் பாதுகாப்பிற்கு யார் பொறுப்பு என்னும் வினா எழும்போது மட்டும் ஒருவகைச் சங்கடம் தோன்றுகின்றது. “நாம் ஊதியம் பெறாது நன்மை செய்ய வந்தவர்கள். எம்மை ஐயுற்று விதிகள் வகுப்பது எம் நல்லெண்ணத்தை அவமதிப்பதாகாதா?” என்று தொண்டர்கள் கேட்பர். இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நம்பிக்கையின்றி எந்தக் கூட்டுப்பணியும் நிகழாது. ஐயம் ஒன்றையே அடித்தளமாகக் கொண்ட அறம் வறண்ட அறமாகவே இருக்கும்.

திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் இச்சிக்கலை நன்கு உணர்ந்திருக்கின்றது. ஆராயாது ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பந் தருவன என்பது அவ்வதிகாரத்தின் முடிபு. இதனை வைத்து நோக்கின், தேர்ந்தெடுத்த தொண்டரைத் தொடர்ந்து கண்காணித்தல் தவறாகலாம் என்று ஒருவர் வாதிடக்கூடும். ஆனால் அவ்வதிகாரம் பேசுவது அரசன் தன் பணிக்கு ஆளைத் தேர்தல் பற்றியாகும். அங்கே நம்புகின்றவன் அரசன். நம்பிக்கை பொய்ப்பின் இழப்பவனும் முதற்கண் அரசனே. நாம் எடுத்துக்கொண்ட விடயத்திலோ நிலைமை வேறு. நம்புகின்றவர் சங்கத்தின் தலைவரும் பொறுப்பு விரிவுரையாளரும்; நம்பிக்கை பொய்த்தால் இழப்பது பிள்ளை. தன் பொருளைப் பணயம் வைத்து ஒருவரை நம்புதல் பெருந்தன்மையாகலாம். பிறர் பிள்ளையைப் பணயம் வைத்து நம்புதலைப் பெருந்தன்மை என்று கூறுதல் இயலாது.

இவ்வேறுபாட்டைக் குறிக்கத் தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு. அது ‘அடைக்கலம்’. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். மாதரி எத்தவறும் செய்யவில்லை. தீங்கு விளைந்தது பொற்கொல்லனாலும் ஆராயாது ஆணையிட்ட மன்னனாலுமாகும். எனினும், அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறியவளாகத் தன்னைக் கருதி அவள் தீப்புகுந்தாள் என்று காப்பியம் கூறுகின்றது. அவளுடைய முடிவு நமக்கு முன்மாதிரியன்று. ஆனால், “தவறு செய்தவன் நானல்லன்” என்ற கூற்றுடன் அடைக்கலம் ஏற்றவரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்னும் அவளுடைய உணர்வு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

மலையகச் சூழலில் இவ்வடைக்கலம் மேலும் கனமானது. விடியற்காலையிலேயே கொழுந்து பறிக்க மலையேறும் தாய், கருத்தரங்கு நடைபெறும் மண்டபத்தை நேரில் வந்து பார்த்தல் அரிது. வருகின்றவர்கள் ‘கெம்பஸ் பிள்ளைகள்’ என்ற ஒரு சொல்லே அவளுக்குப் போதுமான உத்தரவாதம். தன் பிள்ளையும் ஒருநாள் அவர்களைப்போல் ஆகவேண்டும் என்பதே அவளுடைய கனவு. பிள்ளைகளோ அவர்களை ‘சேர்’ என்றும் ‘அண்ணா’, ‘அக்கா’ என்றும் அழைப்பர். உறவுச்சொல்லால் நெருக்கம் கிடைத்துவிடுகின்றது. ஆனால், உண்மையான குடும்பத்தில் அண்ணனின் நடத்தையைக் கவனிக்கத் தாயும் பாட்டியும் அயலவரும் இருப்பர். இங்கே அக்கண்கள் இல்லை. மதிப்பு மிகமிகக் கேள்வி குறைகின்றது. கேள்வி குறையக் குறைய, மதிக்கப்படுவோரின் கடமை கூடுகின்றது.

அண்மைக் காலத் தமிழகத்து நிகழ்ச்சியொன்று இதனைத் தெளிவாக்கும். 2024 ஆகஸ்ட் மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூருக்கு அண்மையிலுள்ள தனியார் பாடசாலையொன்றில் மாணவர் முகாம் நடைபெற்றது. நடத்தியோர் தம்மைத் தேசிய மாணவர் படையின் பயிற்றுநர் எனக் கூறிக்கொண்டனர். அப்படைக்கும் அம்முகாமுக்கும் தொடர்பில்லை என்பது, பாடசாலையிலேயே இரவு தங்கிய மாணவியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானமை வெளிவந்த பின்னரே தெரியவந்தது. முறையீட்டை மறைக்க முயன்றதாகப் பாடசாலை நிர்வாகத்தினரும் கைதாயினர். இங்கே இரண்டு தவறுகளை வேறுபடுத்திக் காணல் வேண்டும். முதலாவது, ஆராயாது நம்பியமை. இரண்டாவது, பிள்ளை வாய்திறந்த பின்னரும் அதை அமுக்க முனைந்ததாகக் கூறப்படுவது. முதலாவதை அறியாமை என்று கூறித் தப்பலாம். இரண்டாவதற்கு அத்தகைய புகலிடம் இல்லை.

கல்வியின் உயர்பீடங்கள் இத்தவறுக்கு அப்பாற்பட்டவை எனவும் கொள்ளுதற்கில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா அரசப் பல்கலைக்கழகத்திற் காற்பந்தாட்டப் பயிற்றுநராக இருந்த ஜெரி சன்டஸ்கி, வறிய சிறுவருக்கென 1977இல் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். அச்சிறுவருட் சிலரையே அவர் துன்புறுத்திவந்தார். 1998இல் ஒரு தாய் முறையிட்டார். 2001இல், பல்கலைக்கழகக் கட்டடத்திலேயே நிகழ்ந்த ஒன்றைப் பயிற்சி உதவியாளர் ஒருவர் கண்டு மேலோருக்கு அறிவித்தார். மேலோர் அதனை வெளியே அறிவிக்கவில்லை. 2012இல் 45 குற்றங்களில் சன்டஸ்கி குற்றவாளியாகக் காணப்பட்டார். அதே ஆண்டில் வெளிவந்த லூயிஸ் பிரீயின் விசாரணை அறிக்கை, நிறுவனத்திற்கு அவப்பெயர் நேருமென்ற அச்சத்தையே மௌனத்தின் முதன்மைக் காரணமாகச் சுட்டியது. நிறுவனத்தின் பெயர் காக்கப்பட்டது. காக்கப்பட வேண்டிய பிள்ளைகள் கைவிடப்பட்டனர்.

இம்மௌனம் நமக்கு அந்நியமானதா? இலங்கைப் பாராளுமன்றம் 1998ஆம் ஆண்டில் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று, கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம். மற்றையது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை நிறுவிய 50ஆம் இலக்கச் சட்டம். இவ்விரண்டையும் இணைத்து நோக்குவோர் அரியர். பகிடிவதையைப் பேணி வருவது கொடுமை மட்டுமன்று. மூத்தோர் செய்ததை வெளியே சொல்லலாகாது என்ற எழுதாச் சட்டமுமாகும். சொன்னவன் காட்டிக்கொடுத்தவன் எனப் பெயர் பெறுகின்றான். முதலாம் ஆண்டில் இப்பாடத்தைக் கற்ற மாணவன், மூன்றாம் ஆண்டில் தோட்டப் பிள்ளையொருத்தி கண்கலங்கி நிற்கக் காணும்போது, தன் நண்பனுக்கு எதிராக வாய்திறப்பானா? சிறுவர் பாதுகாப்பைப் பற்றிய விதிகளை எத்தனை வகுத்தாலும், அவற்றைச் செயற்படுத்தும் நா நம்மிடையே கட்டுண்டு கிடக்குமாயின் அவை வெறும் தாளாகவே இருக்கும்.

இனி, எதிர்த்தரப்பின் வாதத்திற்கு மீள்வோம். விதிகள் உறவை வறளச் செய்யும் என்பது ஒன்று. சிக்கல் மிகுந்தால் மாணவர் இப்பணியையே கைவிடுவர், இழப்பு தோட்டப் பிள்ளைக்கே என்பது மற்றொன்று. இரண்டாவது வாதம் வலுவானது. தீங்கு நேருமென அஞ்சி நன்மையையே நிறுத்துவது பாதுகாப்பாகாது. அதுவும் ஒருவகைக் கைவிடலே. ஆனால், வேண்டப்படும் விதிகள் அத்துணைப் பாரமானவையா? தனியறையில் ஒரு பிள்ளையுடன் ஒருவர் தனித்திராமை. வகுப்பின் கதவு திறந்திருத்தல். தொண்டர் ஒவ்வொருவரின் பெயரும் பின்னணியும் அறியப்பட்டிருத்தல். கைத்தொலைபேசியிற் சிறுவருடன் தனிப்பட உரையாடாது, பாடசாலையும் பெற்றோரும் அறிந்த வழியிலேயே தொடர்புகொள்ளல். மாலையிற் கடைசிப் பிள்ளை வீடு சேரும்வரை பொறுப்பிலிருந்து நீங்காமை. இரவு தங்கும் முகாமாயின் பெற்றோரின் தெளிவான சம்மதமும் பொறுப்பு வாய்ந்த பெண்களின் உடனிருப்பும். இவற்றுள் எதுவும் பெரும் பணத்தை வேண்டுவதன்று.

விதிகள் அவமதிப்பு என்ற முதல் வாதமும் நிலைக்காது. வங்கியின் கணக்கு ஒவ்வோராண்டும் பரிசோதிக்கப்படுவது காசாளரைத் திருடர் என்று கருதியன்று. எல்லோருக்கும் ஒப்பப் பொருந்தும் விதி எவரையும் ஐயுறுவதில்லை. ஒருவரை மட்டும் குறிவைத்துக் கண்காணிப்பதே ஐயம். வள்ளுவர் விலக்கியதும் அதுவே எனலாம். அன்றியும், நல்ல தொண்டரைப் பொய்ப்பழியிலிருந்து காப்பதும் அவ்விதிகளே.

எல்லாவற்றினும் முதன்மையானது, பிள்ளைக்கே சொல்லிவைத்தல். காவல் என்றவுடன் பிள்ளையை வாயற்ற பொருளாகக் கருதுவது நம் வழக்கம். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சாசனம், தன்னைப் பாதிக்கும் விடயங்களிற் கருத்துக்கூறும் உரிமையைச் சிறுவருக்கு அளிக்கின்றது. அடைக்கலம் என்ற நம் பழங்கருத்துக்கு இது சேர்க்கும் புதிய பொருள் யாதெனில், காக்கப்படுபவரும் பேசவல்லவர் என்பதாகும்.

ஆகவே, அடுத்த கருத்தரங்கிற்காக வெலிமடைக்கோ வேறெங்குமோ புறப்படும் சங்கம், வினாத்தாள்களை அச்சிடும்போதே இன்னுமொன்றையும் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். முதற் பாடம் தொடங்குமுன், பிள்ளைகள் அனைவரும் கேட்க, அவர்களுடைய தமிழில் இவ்வாறு கூறுதல் வேண்டும்: “இங்கே எவராவது, நாங்களாயினும் சரி, உங்களுக்குப் பிடிக்காத விதத்தில் நடந்தால் உங்கள் அதிபரிடம் சொல்லுங்கள், வீட்டிற் சொல்லுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்திற்கு அழையுங்கள். சொன்னவரை எவரும் குறைகூற மாட்டோம்.” இதனைக் கூற இரண்டு நிமிடங்கள் போதும். கூறியபின் அச்சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்பதே கடினம். அக்கடினத்தை ஏற்க ஆயத்தமானவர்க்கே பிறர் பிள்ளையை அடைக்கலமாக ஏற்கும் தகுதி உண்டு.